கூரையாக ஒரு சாலை

நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி சாலையில் போகிறது. அந்தப் பாரத்தைச் சுமப்பது எது என்று கேட்டால், அச்சு அதைச் சக்கரத்திடம் கொடுக்கிறது, சக்கரம் சாலையிடம் கொடுக்கிறது, சாலையிலுள்ள கல் தாங்கிக்கொள்கிறது என்று சொல்லிவிட்டு, அத்துடன் கணக்கு தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். கணக்கு அங்கே தீர்வதில்லை. கல்லுக்குக் கீழே மண் இருக்கிறது. கல் தான் வாங்கிய பாரத்தோடு தன் சொந்த எடையையும் சேர்த்து அந்த மண்ணின் தலையில் இறக்கிவிடுகிறது. உலகத்தில் எந்தச் சாலையானாலும், அதில் எத்தனை உயர்ந்த வஸ்துவைக் கொட்டியிருந்தாலும், கடைசியில் வண்டியைச் சுமப்பது அந்த ஊர் மண்தான். இந்தச் சாமானிய உண்மை புலப்பட மனிதனுக்கு ஐயாயிரம் வருஷங்களுக்கு மேல் பிடித்தன என்பதும், புலப்பட்ட பிறகும் பெரிய எஞ்சினீயர்கள் சிலர் அதை ஒப்புக்கொள்ள மறுத்தார்கள் என்பதும் சாலை நிர்மாணத்தின் சரித்திரத்தில் மிகவும் ருசிகரமான பகுதிகள்.

மண்ணின் சுபாவத்தை நம் குடியானவர்கள் நன்றாக அறிவார்கள். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண் வயலில் கடப்பாரையும் எளிதில் இறங்குவதில்லை. ஐப்பசி அடைமழைக்குப் பின் அதே வயலில் முழங்கால்வரை புதைகிறது. மண் மாறிவிடவில்லை, அதற்குள் தண்ணீர் வந்திருக்கிறது. உலர்ந்த மண்ணில் ஒரு துகள் மற்றொரு துகளைத் தொட்டு அழுத்திக்கொண்டு நிற்பதால், அவற்றிடையே உள்ள உராய்வு அவை நழுவாதபடி தடுக்கிறது. இடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பிவிட்டால், மேலிருந்து வரும் பாரத்தில் பெரும் பங்கை நீர் ஏற்றுக்கொள்ள, துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைந்து, உராய்வும் குறைந்து, மண் கூழாகிவிடுகிறது. ஆகையால் சாலை போடுகிறவனுக்கு எதிரே இரண்டு வழிகள் இருக்கின்றன. மண்ணை நம்பாமல் அதன்மேல் கனமான கல் தளம் ஒன்றைப் பரப்பிவிடுவது ஒன்று. மண்ணை நனையாமல் காத்து, அதன் பலத்தையே உபயோகித்துக்கொள்வது மற்றொன்று. முதலாவது வீட்டுக்குத் தரை போடுகிறவனுடைய வழி; இரண்டாவது கூரை வேய்கிறவனுடைய வழி.

மிகப் பழைய சாலைகள் இவ்விரண்டில் எதையும் சேர்ந்தவை அல்ல. இங்கிலாந்தின் மேற்கே ஸாமர்ஸெட் பிரதேசத்துச் சதுப்பு வெளியில், கரிநிலத்தை வெட்டும்போது 1970-இல் அகப்பட்ட ஒரு மரப்பாதை, அதன் கருவாலி மரப் பலகைகளிலுள்ள ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், கி.மு. 3807-ஆம் வருஷத்தை ஒட்டி வெட்டிய மரங்களால் ஆனதென்று தெரிந்தது. குறுக்கும் மறுக்குமாகச் சேற்றில் அடித்த முளைகளின் கவட்டில் ஒற்றைப் பலகையை வைத்து, ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தூரம் சதுப்பைக் கடந்திருக்கிறார்கள். மண்ணைத் தொடாமலே அதைத் தாண்டிவிடுகிற உபாயம் இது. எகிப்தில் பாயூம் பகுதியிலுள்ள கருங்கல் சுரங்கத்திலிருந்து ஏரிக்கரைவரை பலகைக்கற்கள் பாவிய சாலை ஒன்று, பிரமிடுகள் எழுந்த யுகத்திலேயே போடப்பட்டது. அதில் போனவை சறுக்குக் கட்டைகளில் ஏற்றிய கற்பாளங்கள். பாபிலோனில் நெபுகாத்நேசர் காலத்து ஊர்வல வீதியில் சுட்ட செங்கற்களைப் பூமியிலிருந்து ஊறிய நிலக்கீலால் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கறுப்புப் பிசின் மறுபடியும் சாலைக்கு வர இரண்டாயிரத்து நானூறு வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சாலை என்றவுடன் ரோமாபுரி நினைவுக்கு வருவது நியாயமே. கி.மு. 312-இல் அப்பியுஸ் கிளாடியுஸ் என்ற அதிகாரி ரோமிலிருந்து காப்புவா நகரம்வரை, சுமார் 195 கிலோமீட்டர் தூரத்துக்குத் தொடங்கிய அப்பியச் சாலையின் கருங்கற்கள், இன்றும் ரோமாபுரியின் தெற்கு வாயிலுக்கு வெளியே வழவழவென்று தேய்ந்து கிடக்கின்றன. சாம்ராஜ்யம் உச்சத்திலிருந்தபோது ரோமர்களின் பெருவழிகள் ஏறக்குறைய 80,000 கிலோமீட்டர் நீண்டிருந்தன. எஞ்சினீயரிங் மாணவர்களின் பாடப் புஸ்தகங்களில் பல தலைமுறைகளாக ஒரு படம் இடம்பெற்றுவருகிறது: அடியில் பெருங்கற்கள், அவற்றின்மேல் உடைகல்லும் சுண்ணாம்பும், அதன்மேல் நயமான சாந்து, எல்லாவற்றுக்கும் மேலே இழைத்துப் பொருத்திய பாவுகற்கள் என்று நான்கு அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு லத்தீன் பெயர், மொத்தக் கனம் மூன்று அடிக்கும் மேல்.

அந்தப் படத்துக்கு ஒரு வேடிக்கையான பூர்வோத்தரம் உண்டு. அப்படத்திலுள்ள பெயர்களை ரோமச் சாலைக்கு உரியவை என்று எந்த ரோமனும் எழுதிவைக்கவில்லை. விட்ருவியுஸ் என்ற சிற்ப சாஸ்திரி, வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் தரை போடும் முறையைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். நிக்கோலா பெர்ஜியே என்ற பிரெஞ்சு வக்கீல், தம் ஊராகிய ரீம்ஸ் நகரத்தைச் சுற்றியிருந்த பழைய ரோமச் சாலைகளை வெட்டிப் பார்த்து, அங்கே பல அடுக்குகள் இருக்கக் கண்டு, அவற்றுக்கு விட்ருவியுஸின் தரைப் பெயர்களைச் சூட்டி, 1622-இல் பெரிய சரித்திர நூல் ஒன்றை வெளியிட்டார். நூல் புகழ் பெற்றது, பெயர்கள் நிலைத்தன. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் வெட்டிப் பார்த்ததில், ரோமர்கள் ஒரே சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு எங்கும் போகவில்லை என்பதும், சரளை கிடைத்த இடத்தில் சரளையையும், எரிமலைக் கல் கிடைத்த இடத்தில் அந்தக் கல்லையும், இரும்பு உருக்கும் இடத்தில் அதன் கசடையும் போட்டார்கள் என்பதும், வெறும் சரளைச் சாலைகளே மிகுதி என்பதும் தெரியவந்தன. எங்கும் பொதுவாகக் காணப்பட்டது வேறொன்று: சாலையைச் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த கரையாக எழுப்பி, இருபுறமும் வாய்க்கால் வெட்டி, நீர் வடிய வழி செய்திருந்தார்கள். ரோமச் சாலையின் நீண்ட ஆயுளுக்குக் காரணத்தைக் கல்லிலேயே தேடிக்கொண்டிருந்தவர்கள், பக்கத்திலிருந்த வாய்க்காலைக் கவனிக்கவில்லை. சாலையை ஒரு தரையென்று ஐரோப்பா வெகு காலம் நம்பியதில், ஒரு வக்கீல் வீட்டுத் தரையின் பெயரைச் சாலைக்கு வைத்த தவற்றுக்கும் கொஞ்சம் பங்குண்டு என்று எண்ணுகிறேன்.

சாம்ராஜ்யம் சிதறிய பிறகு அந்தச் சாலைகளைப் பராமரிக்க ஆளில்லாமல் போயிற்று. இங்கிலாந்தில் 1555-இல் வந்த சட்டம், ஒவ்வொரு கிராமத்தாரும் வருஷத்தில் நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்யவேண்டுமென்று விதித்தது. சில வருஷங்களில் அது ஆறு நாளாயிற்று. கூலியில்லாத வேலை எப்படி நடக்கும் என்று நம் நாட்டு வெட்டி வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு விவரிக்கவேண்டியதில்லை. மனம் போனபடி மண்ணையும் கல்லையும் பள்ளங்களில் கொட்டிவிட்டுப் போனார்கள். மறு மழையில் அவை சேறாயின. கூலியில்லாத இந்தச் சாலை வேலை 1835 வரை நடந்துவந்தது.

பிரான்ஸிலும் அதே வெட்டி வேலைதான். ஆனால் அங்கே அது போனதிலிருந்து ஒரு புதிய முறை பிறந்தது. லிமோஜ் பகுதியில் நிர்வாகத் தலைவராக இருந்த தூர்கோ, இந்த வெட்டி வேலையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக வரி வசூலித்துக் கூலி கொடுக்கத் தொடங்கினார். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊரார் திரண்டு வந்து செப்பனிடுகிறவரையில், இடைப்பட்ட மாதங்களின் தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் சாலை ஒன்றரை அடிக்கும் மேலாகக் கனத்திருக்க வேண்டியிருந்தது. கல்லுக்கும் உழைப்புக்கும் யாரும் விலை கேட்கவில்லை. கூலி கொடுக்கவேண்டும் என்று ஏற்பட்டதும், அங்கே எஞ்சினீயராக இருந்த பியேர் த்ரேஸாகே கணக்குப் பார்த்தார். அடி மண்ணையே நடுவில் உயர்த்தி இருபுறமும் சரித்துவிட்டு, அதன்மேல் கற்களைச் செங்குத்தாக அடுக்கி, மேலே வாதுமைக் கொட்டை அளவுள்ள கடினமான சல்லியைப் பரப்பினால், பத்து அங்குலக் கனமே போதும் என்று 1764 முதல் செய்து காட்டினார். சாலையைப் போட்டுவிட்டு விட்டுவிடாமல், அதற்கென்று ஆட்களை நியமித்து நாள்தோறும் கவனிக்கவேண்டும் என்பது அவருடைய மற்றொரு கோட்பாடு. நீர் உள்ளே இறங்கினாலும் அடியில் தங்கக்கூடாது என்பதை உணர்ந்து, மறைந்திருக்கும் அடித்தளத்துக்கே சரிவு கொடுத்தவர் என்ற முறையில் கூரையின் சாயல் முதலில் இவரிடம் தென்படுகிறது.

அதே காலத்தில் வட இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான மனிதர் சாலை போட்டுக்கொண்டிருந்தார். ஜான் மெட்காப் என்பது அவர் பெயர். ஆறாவது வயதில் அம்மை கண்டு இரு கண்களையும் இழந்தவர், பிடில் வாசிப்பவர், குதிரை வியாபாரி. 1765-இல் மூன்று மைல் சாலையை ஒப்பந்தம் எடுத்துத் தொடங்கி, ஆயுளில் 180 மைல்களுக்குக் குறையாமல் போட்டு முடித்தார். நீண்ட தடி ஒன்றை ஊன்றிக்கொண்டு தனியாகவே மலைகளில் நடந்து, காலடியின் அழுத்தத்தாலும் தடியின் ஓசையாலும் எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தீர்மானிப்பார். சதுப்பு நிலம் எதிர்ப்பட்டபோது மற்றவர்கள் கைவிடச் சொல்ல, இவர் புதர்ச்செடிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, குறுக்கும் நெடுக்குமாகச் சேற்றின்மேல் பரப்பி, அதன்மேல் சரளை கொட்டி, சாலையையே தெப்பம்போல் மிதக்கவிட்டார். கண்ணுள்ளவர்கள் சாலையில் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணில்லாதவர் மண்ணையே பரிசோதித்தார் என்பது நினைத்துப் பார்க்கத் தகுந்தது.

இனி நம் கதையின் இரு முக்கியஸ்தர்களுக்கு வருவோம். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், ஒரு வருஷ வித்தியாசத்தில் பிறந்தவர்கள், இயல்பில் நேர் எதிரானவர்கள். தாமஸ் டெல்போர்டு 1757-இல் ஓர் ஆட்டிடையரின் மகனாகப் பிறந்து, கல்தச்சனாக உளி பிடித்து, படிப்படியாக உயர்ந்து, மெனாய் நீரிணையின் தொங்கு பாலம்வரை கட்டி எழுப்பியவர். கல்தச்சனுக்குக் கல்லின்மேல்தான் நம்பிக்கை இருக்கும். லண்டனிலிருந்து ஹோலிஹெட் துறைமுகம்வரை அவர் செப்பனிட்ட சாலையில், மட்டமாகச் சமன்செய்த மண்ணின்மேல் ஏழு அங்குல உயரமுள்ள கற்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, அகன்ற முகம் கீழே இருக்கும்படி நிறுத்தி, சந்துகளில் சில்லுகளை இறுக்கி அடித்து, அதன்மேல் ஏழு அங்குலம் உடைகல்லையும் ஒன்றரை அங்குலம் சரளையையும் பரப்பச் செய்தார். ஒரு சுவரைப் படுக்கவைத்துக் கட்டியதுபோல இருந்தது அது. செலவும் சுவர் கட்டிய செலவுதான்.

ஜான் லவுடன் மக்காடம் 1756-இல் பிறந்தவர். பதினான்காம் வயதில் நியூயார்க்கில் சிற்றப்பனிடம் போய்ச் சேர்ந்து, வியாபாரத்தில் பெரும்பொருள் திரட்டி, அமெரிக்கப் புரட்சியில் தோற்ற கட்சியில் இருந்ததனால் அதில் பெரும் பகுதியை இழந்து, 1783-இல் தாய்நாடு திரும்பியவர். கல்வேலையோ கட்டட வேலையோ கற்றவரல்லர். சுங்கச்சாலை நிர்வாகக் குழுவில் ஓர் அங்கத்தினராகச் சேர்ந்ததிலிருந்து, ஊர் ஊராகச் சொந்தச் செலவில் பிரயாணம் செய்து, சாலைகள் ஏன் கெடுகின்றன என்று பார்த்துவந்தார். தரை போடும் பயிற்சி இல்லாதவராக இருந்ததனால்தான் சாலை தரையல்ல என்று அவருக்குத் தோன்றியதோ என்னவோ. 1816-இல் பிரிஸ்டல் நகரத்துச் சுங்கச்சாலைகளின் தலைமை மேற்பார்வை கைக்கு வந்தபோது, அவருக்கு அறுபது வயது.

அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது. போக்குவரத்தின் பாரத்தை உண்மையில் தாங்குவது இயற்கை மண். அது உலர்ந்திருக்கும்வரை எந்தப் பாரத்தையும் புதையாமல் தாங்கும். ஆகவே கல்லின் வேலை மண்ணுக்குள் நீர் போகாமல் தடுப்பதே. அடியில் பெருங்கற்களை நிறுத்துவது வீண் செலவு மட்டுமல்ல, தீங்கும்கூட. அவற்றின் சந்துகளில் நீர் தேங்கி மண்ணை ஊறவைக்கும். சாலையைச் சுற்றுப்புற நிலத்தைவிட உயர்த்து, பக்கத்து வாய்க்காலின் மட்டம் மண்ணுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள், பத்து அங்குலத்துக்கு மிகாமல் சிறு உடைகல்லைப் பரப்பு, போதும் என்றார். கல்லோடு மண்ணையோ சுண்ணாம்பையோ களியையோ கலக்கக்கூடாது. நீரை உறிஞ்சுகிற எதுவும் கூரையில் இருக்கலாகாது அல்லவா?

கல்லின் அளவில்தான் அவர் மகா கண்டிப்பு. ஒரு கல்லின் எடை 6 அவுன்ஸுக்கு, அதாவது 170 கிராமுக்கு மேற்படக்கூடாது. பெரிய கல்லாக இருந்தால், சக்கரம் அதன் ஒரு முனையில் ஏறும்போது மறு முனை தூக்கிக்கொண்டு பக்கத்துக் கற்களை அசைத்துவிடும். சிறு கல்லை அப்படி நெம்பமுடியாது. கல் கூழாங்கல்லாகவும் இருக்கக்கூடாது; உடைத்த கல்லாக, முனையும் விளிம்பும் உள்ளதாக இருக்கவேண்டும். கடுகு சிந்திய தரையில் காலை வைத்தால் வழுக்கிவிடுவதும், கற்கண்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டதுபோல் நிற்பதும் இதற்குத் திருஷ்டாந்தம். பரப்பிய கற்களை இறுக்குவதற்கு அவர் வேறு எதையும் தேடவில்லை. போகிற வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்களே கற்களைத் தட்டித் திருப்பி, ஒன்றின் முனை மற்றொன்றின் இடுக்கில் பொருந்தும்படி செய்துவிடும் என்றார். சாலை உபயோகத்தினாலேயே உருவாகிறது. மேற்பார்வையாளர்கள் பையில் ஒரு தராசை வைத்துக்கொண்டு கற்குவியல்களில் அங்கங்கே எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். தராசு இல்லாவிட்டால் வாயில் போட்டுப் பார், வாய்க்குள் நுழையாத கல் சாலைக்கு ஆகாது என்று சொல்லியிருந்தாராம். ஒரு வேலையாள் குவித்த கல்லெல்லாம் அளவு மீறியிருக்கக் கண்டு விசாரித்ததில், அவனுக்குப் பல் ஒன்றும் இல்லையென்று தெரிந்ததாக ஒரு கதையும் உண்டு. குழந்தைகளும் பெண்களும் முதியவர்களும் உட்கார்ந்த இடத்திலேயே சிறு சுத்தியால் உடைக்கலாம் என்பதனால், வேலையற்ற ஏழைகளுக்கு இது ஜீவனமாயிற்று.

சாலையின் முதுகைப் பற்றியும் அவர் புது அபிப்பிராயம் சொன்னார். மழை நீர் விரைவில் வழிந்தோடவேண்டும் என்று அக்காலத்தார் சாலையை நடுவில் மிகவும் உயர்த்திவிடுவார்கள். வண்டி சாய்ந்துவிடும் என்று அஞ்சி வண்டிக்காரர்கள் எல்லாரும் நடு உச்சியிலேயே ஓட்டுவார்கள். அங்கே தடம் பள்ளமாகும். நீர் அந்தப் பள்ளத்தில் நிற்கும். அதிகச் சரிவினால் நீர் தேங்குகிறது என்ற இந்த விபரீதத்தைச் சுட்டிக்காட்டி, 30 அடி அகலத்துக்கு நடுவில் 3 அங்குல உயர்வு போதும் என்று அவர் நிர்ணயித்தார்.

அடித்தளமே இல்லாத சாலை சதுப்பில் என்ன ஆகும் என்று 1819-இல் பார்லிமெண்டின் குழு அவரைக் கேட்டது. திடமான பாறையைவிடச் சற்று இளகிய நிலமே தமக்கு உகந்தது என்று அவர் விடையிறுத்தார்; பிரிட்ஜ்வாட்டர் ஊருக்கு வடக்கே சதுப்பின்மேல் போகும் சாலை, வண்டி போகும்போது நடுங்கினாலும், பாறைமேல் போகும் சாலையைவிடக் குறைவாகவே தேய்கிறது என்பது அவர் காட்டிய சாட்சி. பாறைமேல் இருக்கும் கல், சக்கரத்துக்கும் பாறைக்கும் இடையே சம்மட்டிக்கும் பட்டடைக்கும் நடுவில் அகப்பட்டதுபோல் நொறுங்கும். இளகிய மண் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அவர் குறிப்பிட்டது அதே ஸாமர்ஸெட் சதுப்பு வெளி. ஐந்தாயிரத்து அறுநூறு வருஷத்துப் பலகைப் பாதை சில மைல்களுக்கு அப்பால் கரிமண்ணுக்குள் புதைந்து கிடந்ததை அவர் அறிய வழியில்லை.

இதனால் டெல்போர்டு தோற்றுவிட்டார் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அவருடைய உதவியாளராக இருந்த ஜான் மக்னீல், வண்டியை இழுக்கக் குதிரைக்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளக்கும் கருவி ஒன்றைச் செய்து பல சாலைகளில் ஓட்டிப் பார்த்தார். சுமார் ஒரு டன் எடையுள்ள வண்டியை மண்மேல் கொட்டிய சரளைச் சாலையில் இழுக்க 147 பவுண்டும், பழைய உடைகல் சாலையில் 65 பவுண்டும், கல் அடித்தளமுள்ள சாலையில் 46 பவுண்டும் விசை வேண்டியிருந்தது. குதிரைக்கு டெல்போர்டின் சாலைதான் சுகம். ஆனால் வரி கட்டுகிறவனுக்கு மக்காடத்தின் சாலை சுகமாக இருந்தது. உலகம் வரி கட்டுகிறவனின் பக்கம் சாய்ந்தது. 1823-இல் அமெரிக்காவின் மேரிலாந்திலே முதல் மக்காடம் சாலை முடிந்தது. அவர் பெயரே பல பாஷைகளில் ஒருவகைச் சாலைக்குப் பெயராயிற்று. நம் நாட்டில் கப்பி ரோடு என்று சொல்லப்படுவது அதன் வமிசம்தான்.

வமிசம் என்று சொன்னேனே தவிர, கப்பி ரோட்டைப் பார்த்தால் மக்காடம் முகம் சுளித்திருப்பார். கங்கைச் சமவெளியில் கல்லுக்கே பஞ்சம். 1839 முதல் கல்கத்தாவிலிருந்து டில்லி செல்லும் பெருஞ்சாலைக்குக் கப்பி போடத் தொடங்கியபோது, பூமிக்கடியில் கட்டி கட்டியாகக் கிடைக்கும் சுக்கான் கல்லைத் தோண்டிப் பரப்பினார்கள். அது சுண்ணாம்புச் சத்துள்ளதாகையால், நீர் தெளித்து இடித்தவுடன் தன் பொடியாலேயே சாந்துபோல் இறுகிக்கொண்டது. மற்ற இடங்களிலும் உடைகல்லின்மேல் செம்மண்ணோ கல்தூளோ தூவி, குடம் குடமாக நீர் ஊற்றி, உருளையை ஓட்டி இறுக்குவது வழக்கமாயிற்று. நீரையும் மண்ணையும் விலக்கு என்று சொன்னவரின் பெயரால், மண்ணும் நீரும் கலந்த சாலை பிறந்தது. தினந்தோறும் ஆயிரம் வண்டிகள் ஓடி இறுக்கும்வரை காத்திருக்க எந்த ஊரிலும் பொறுமை இல்லை என்பதே காரணம். நீராவி உருளைக்கும் நம் தேசத்தோடு தொடர்பு உண்டு. கல்கத்தா நகரசபையின் எஞ்சினீயராக இருந்த வில்லியம் கிளார்க், பாத்தோ என்பவருடன் சேர்ந்து 1860-களின் தொடக்கத்தில் வடிவமைத்த யந்திரம் அந்நகரத்துக்கென்றே இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அமெரிக்காவில் ஈலி விட்னி பிளேக் என்பவர், தம் ஊர்ச் சாலைக்குக் கல்லுடைக்கும் வேலையின் மந்த கதியைக் கண்டு சலித்து, இரு தாடைகளால் மென்று உடைக்கும் யந்திரத்தை 1858-இல் பதிவு செய்துகொண்டார். இன்று குவாரிகளில் இரைச்சலிடும் கிரஷரின் மூதாதை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் எல்லாம் ஒழுங்காகிவிட்டதுபோல் தோன்றிய வேளையில் மோட்டார் வந்து சேர்ந்தது. மாட்டு வண்டியின் சக்கரம் இழுத்த இழுப்புக்கு உருள்கிறது. சாலையை அது கீழ்நோக்கி அழுத்துவதோடு சரி, அதன் இரும்புப் பட்டை கல்லை அரைத்துத் தரும் பொடி இடுக்குகளில் இறங்கி, ஈரத்தில் இறுகி, கூரையின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே வரும். மோட்டாரின் பின்சக்கரமோ சாலையைப் பற்றிப் பின்னுக்குத் தள்ளித்தான் முன்னே போகிறது. ரப்பர் டயர் கல்லை அரைத்துப் பொடியும் தருவதில்லை, இருக்கும் பொடியையும் வேகத்தில் கிளப்பி விரட்டிவிடுகிறது. பொடி போனால் கல் தளர்கிறது. கல் தளர்ந்தால் நீர் இறங்குகிறது. உபயோகத்தினால் உறுதிப்பட்ட சாலை உபயோகத்தினாலேயே அழியத் தொடங்கிற்று. சாலையோர வீடுகள் புழுதியில் மூழ்கின.

புழுதிக்கு மருந்து கண்டவர் ஒரு வைத்தியர் என்பது பொருத்தமே. எர்னஸ்ட் குல்யெல்மினெத்தி என்ற சுவிட்ஸர்லாந்துக்காரர், டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளில் டாக்டராக உத்தியோகம் பார்த்தபோது, அங்கே ஆஸ்பத்திரித் தரைகளில் தார் பூசியிருப்பதைக் கவனித்தவர். பின்னர் மொனாக்கோவில் குடியேறி, மோட்டார்கள் கிளப்பிய புழுதியைப் பற்றி அந்நாட்டு மன்னர் கவலைப்பட்டபோது அது நினைவுக்கு வந்து, 1902 மார்ச்சில் சாலையில் ஒரு சிறு பகுதியில் காய்ச்சிய தாரை ஊற்றித் தேய்க்கச் செய்தார். புழுதி அடங்கிற்று, ‘தார் டாக்டர்’ என்ற பட்டப்பெயரும் அவருக்கு நிலைத்தது. அதே சமயத்தில் இங்கிலாந்தில் நாட்டிங்காம் மாவட்டச் சாலை அதிகாரியான எட்கர் ஹூலி, இரும்பாலை ஒன்றின் அருகே உடைந்து சிந்திய தார்ப் பீப்பாயின்மேல் ஆலைக் கசடைக் கொட்டி மூடியிருந்த இடம் புழுதியும் தடமும் இல்லாமல் இருக்கக் கண்டார் என்பார்கள். கல்லையும் தாரையும் முன்பே சூடாகக் கலந்து கொண்டுவந்து பரப்பும் முறைக்கு 1902-இல் அவர் உரிமை பெற்றார். டார்மாக் என்ற சொல் அதிலிருந்து வந்தது.

இங்கே ஒரு சிறு திருத்தம். அவர்கள் உபயோகித்தது நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கும்போது மிஞ்சும் தார். இப்போது நம் சாலைகளில் காய்ச்சி ஊற்றுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் பிட்டுமன். இரண்டும் வேறு வஸ்துக்கள். ஆயினும் நம் ஜனங்கள் இரண்டையும் தார் என்றே வழங்குகிறார்கள், இனி மாற்றச் சொல்லிப் பயனில்லை. பிட்டுமன் விசித்திர குணமுள்ளது. சட்டென்று அடித்தால் திடப்பொருள்போல் எதிர்க்கும். நெடுநேரம் நின்று அழுத்தினால் திரவம்போல் மெல்ல நகரும். ஓடும் லாரிக்கு ஒன்றும் ஆகாத சாலை, பஸ்கள் நிற்குமிடத்தில் அலை அலையாக மடிந்துகிடப்பது இதனால்தான். பாபிலோன்காரர்கள் செங்கல்லை ஒட்டிய நிலக்கீல் இதற்கு நெருங்கிய உறவு.

தார் வந்ததும் மக்காடத்தின் கூரைக்கு உண்மையிலேயே நீர் புகாத ஓடு கிடைத்துவிட்டது. அதன் பிறகு விஞ்ஞானிகளின் கவனம் கீழே இறங்கியது. மண்ணை எப்படி இறுக்குவது? 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அணை கட்டும் வேலையிலிருந்த ரால்ப் பிராக்டர், மண்ணில் சிறிது சிறிதாக நீர் கலந்து இடித்து எடை பார்த்து, மிகவும் உலர்ந்த மண்ணும் நன்றாக இறுகாது, மிகவும் நனைந்த மண்ணும் இறுகாது, ஒவ்வொரு மண்ணுக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் அது உச்ச அடர்த்தியை அடைகிறது என்று வரைபடம் வரைந்து காட்டினார். புட்டுக்கு மாவு பிசறுகிறவர்களுக்கு இது புதிதல்ல: பிடித்தால் பிடிபடவேண்டும், உதிர்த்தால் உதிரவேண்டும். அந்தப் பதம் வரும்படி நீர் தெளித்துத்தான் இன்றும் சாலைக்கு மண் இறுக்குகிறார்கள்.

பாரத்தைப் பற்றிய பரீட்சை இன்னும் பெரியது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் ஓட்டாவா என்ற ஊருக்கருகே பலவகைக் கனமுள்ள சாலைத் துண்டுகளைப் போட்டு, ராணுவத்தாரைக்கொண்டு லாரிகளை இரவும் பகலும் வளைய வளைய ஓட்டச் செய்து, சாலை கெடுவதை அளந்தார்கள். அச்சின் பாரம் இரட்டித்தால் சாலைக்குச் சேதமும் இரட்டிக்கும் என்று நாம் நினைப்போம். சேதம் ஏறத்தாழ நான்காம் படியில், அதாவது பதினாறு மடங்காக ஏறிற்று. அரை டன் அச்சுள்ள சிறிய காரையும் பத்து டன் அச்சுள்ள லாரியையும் ஒப்பிட்டால், லாரியின் ஓர் அச்சு ஒரு முறை போவது காரின் அச்சு 1,60,000 முறை போவதற்குச் சமம். சாலையைக் கெடுக்கிறவர்கள் என்று காரோட்டிகளைத் திட்டுவதில் இனி அர்த்தமில்லை.

ஆயினும் லாரியைவிடப் பழைய எதிரி ஒருவன் இருக்கிறான். கருங்கல்லுக்குத் தாரைவிட நீரின்மேல் பிரியம் அதிகம். சந்து கிடைத்தால் நீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே நுழைந்து, பூசிய தாரை உரித்துவிட்டுத் தான் ஒட்டிக்கொள்ளும். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் இந்த இடத்தில்தான் கையை வைத்தார். குப்பையில் போகும் பிளாஸ்டிக் பைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியின்மேல் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய தோலாகப் படிந்துகொள்கிறது; அதன்மேல் தார் நன்றாகப் பற்றுகிறது, நீருக்கோ கல்லைத் தொட இடமில்லை. சாலை முழுதுக்கும் ஒரு கூரை என்றிருந்தது போக, ஒவ்வொரு ஜல்லிக்கும் தனித்தனியே ஒரு கூரை வேய்ந்ததுபோல் ஆயிற்று.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, ஊர்ச் சாலையில் எங்கே முதல் குழி விழப்போகிறது என்று கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் சாலையின் நடுவே தேடவேண்டாம். ஓரத்து வாய்க்காலில் யாரோ மண்ணைத் தள்ளி மூடியிருக்கும் இடத்துக்குப் போகட்டும். அங்கே தாரில் மயிரிழைபோல் சில வெடிப்புகள் இருக்கும். ஒவ்வொரு பஸ்ஸும் அதன்மேல் ஏறி இறங்கும்போது, கீழே தேங்கிய நீர் அழுத்தப்பட்டு அந்த வெடிப்பின் வழியே பீறிட்டு வெளிவரும். வரும்போது மண்ணின் நயமான துகள்களையும் வாரிக்கொண்டு வரும். நீர் காய்ந்த பிறகு கறுத்த தாரின்மேல், வெடிப்பை ஒட்டி, செம்மண் நிறத்தில் கோலம்போல் ஒரு கறை மிஞ்சியிருக்கும். அந்த அளவுக்கு மண் கீழேயிருந்து வெளியேறியிருக்கிறது. அந்த அளவுக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது.